எமில்டாவுக்கு விரித்த இலை

தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய பாஸ்கலுக்குச் சாப்பாடும் ஒரு வேலைதான். சட்டென்று முடித்துவிட வேண்டும். சரக்கு காத்துக் கிடக்கும்போது கேபினிலேயே தூக்குவாளியைத் திறந்து அள்ளிப் போட்டுப் பழகியவர். வீட்டிலும் அதே வேகம். கிறிஸ்துமஸுக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் மனைவி எமில்டா இலை போட்டுப் பரிமாறுவாள். அவள் தனக்கொரு இலையை விரிப்பதற்குள் இவர் கை கழுவிவிட்டு வாசலுக்குப் போயிருப்பார்.

"ஒரு நாளாவது நான் உக்காருத வரைக்கும் இருங்களேன்."

"ரிட்டயர்டு ஆயிட்டா நாளெல்லாம் உன்கூடத்தான்ளா இருக்கப் போறேன்."

அதை அவர் நம்பவும் செய்தார். ஆனால் ஓய்வு பெற்ற வருடமே எமில்டாவுக்குக் கால் வீங்கியது. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். டயாலிசிஸ் தொடங்கியது. உப்பு, தேங்காய், உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எதுவும் ஆகாது. தண்ணீர்கூட அளந்துதான்.

அந்தச் சமயத்தில் ஏரல் பக்கம் ஒரு கல்யாணம் வந்தது. துறைமுகத்தில் கூட வேலை பார்த்த அருணாசலவடிவின் மகளுக்கு. பாஸ்கல் தயங்கினார். எமில்டா பட்டுச்சேலையை எடுத்துவிட்டாள்.

பந்தியில் வடிவே வந்து உட்கார வைத்தார். "அண்ணாச்சி, மைனியோட இங்கன இருங்க."

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இலை. பரிமாறுகிறவர்கள் வைத்துக்கொண்டே போனார்கள். எமில்டா எதையும் தடுக்கவில்லை.

"ஏளா, இதெல்லாம் உனக்கு ஆகாதே!"

"வைக்கட்டும். நான் திங்கவா போறேன்? இலை நெறஞ்சிருக்கதப் பாத்து எம்புட்டு நாளாச்சு!"

பருப்புச் சோற்றில் இரண்டு வாய் எடுத்தாள். அவியலை விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் தன் இலையைத் தொடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் சும்மா இருக்கிய? அந்த இஞ்சிப் பச்சடிய சாம்பார் சோத்தோட தொட்டுப் பாருங்க. அப்பளத்த நொறுக்கிப் பாயசத்துல போடுங்க."

அவள் சொன்னபடியே சாப்பிட்டார். உறைப்பும் புளிப்பும் இனிப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கில் ஏறின. இத்தனை ருசியா என்றிருந்தது. அந்த ருசியே நெஞ்சை அறுத்தது. பந்தி எழுந்த பிறகும் அவர் எழவில்லை. எமில்டாதான் கையைப் பிடித்து எழுப்பினாள்.

திரும்பும் பேருந்தில் கேட்டார்: "நீ வைக்கிறதும் இப்படித்தான் இருந்துச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் உக்காரும்போது எல்லாம் ஆறிப் போயிருக்கும்" என்று சிரித்தாள்.

மறுநாளிலிருந்து அடுப்படி அவருடையது. உப்பில்லாத சோறு, வேகவைத்து வடித்த காய். தட்டை அவளுக்குச் சுடச்சுட வைத்துவிட்டு, தானும் அதையே போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "ஊறுகாய எடுத்துக்கிடுங்க, உங்களுக்கு என்ன தலையெழுத்து?" என்பாள். எடுக்கமாட்டார். அவள் மெல்ல மென்று முடிக்கும்வரை இவரும் எழமாட்டார்.

தவக்காலம் தொடங்குமுன் எமில்டா போய்விட்டாள். அடக்கத்துக்கு வந்திருந்த வடிவு, தோளில் கை வைத்து, "மைனிய நல்லாப் பாத்துக்கிட்டிய, அண்ணாச்சி" என்றார்.

பாஸ்கல் தலையை அசைத்தார். "கடைசியில கொஞ்ச நாளு பாத்தேன் வடிவு. அதுக்கு முன்னாடி அவ தனியாத்தான் சாப்பிட்டா."