சுண்ணாம்பு மூட்டையைப் பிரிக்காதீங்க!

தேசிங்கு போனில் அழுதேவிட்டார். "மேடம், இறால் ஓட்டுல கறுப்புப் புள்ளி. மீசை உதிர்ந்துகினு கீது. தீனியும் எடுக்கல. சீக்கிரம் வாங்க."

திருநின்றவூர் பக்கம் அவருக்கு ஒரு நன்னீர் இறால் குளம். நான் தண்ணீர் பரிசோதனை செய்பவள். லேப் அம்பத்தூரில், பாதி நாள் குளத்தங்கரையில். தேசிங்கின் அண்ணன் குளத்தைத் தூர்த்து பிளாட் போடத் துடித்துக்கொண்டிருந்தார். இந்த அறுவடை கைவிட்டுப் போனால் குளமும் போகும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

நான் போய் இறங்கும்போது தேசிங்கு சுண்ணாம்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் தொழிலில் குளத்துக்குத் தலைவலி என்றாலும் சுண்ணாம்பு, வயிற்றுவலி என்றாலும் சுண்ணாம்பு. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கையை எடுங்க! முதல்ல தண்ணியைப் பார்ப்போம்."

மிஞ்சிய தீனி அடியில் அழுகி அமோனியா எகிறியிருந்தது. பாசி மண்டியதால் மதிய வெயிலில் பிஹெச்சும், அதாவது தண்ணீரின் காரத்தன்மையும், ஏறியிருந்தது. பிஹெச் ஏற ஏற அமோனியாவின் விஷம் கூடும்; சுண்ணாம்பைக் கொட்டினால் பிஹெச் இன்னும் ஏறும். புள்ளி போடும் பாக்டீரியா எல்லாக் குளத்திலும்தான் இருக்கிறது. நல்ல தண்ணீரில் இறால் அதைச் சமாளித்துக்கொள்ளும். மூச்சுக்கே மல்லுக்கட்டுகிற இறால் நோயை எங்கே எதிர்க்கும்?

"அப்போ இன்னா மருந்து மேடம்?"

"மருந்தே வேணாம். தீனியைப் பாதியாக் குறைங்க. அடித்தண்ணியை வெளியே விடுங்க. போர்வெல் தண்ணியைக் கல்லு மேல கொட்டி, காத்து பட்டு உள்ளே போகட்டும். தண்ணியில காத்து கலக்குற ஏரேட்டர் நிக்கவே கூடாது."

அரை மனதோடுதான் தலையாட்டினார். ஆனால் ஒன்று விடாமல் செய்தார். நானும் தினமும் போய் டெஸ்ட் எடுத்தேன்.

அமோனியா இறங்கிய பிறகு, ஒருநாள் காலையில் அண்ணனே என்னைப் போனில் அழைத்தார். குரலில் துக்கம் துளியும் இல்லை. "எல்லாம் செத்து கரையில ஒதுங்கிக் கீது. நீங்க இனிமே வர வேணாம் மேடம்."

போகாமல் இருப்பேனா? கரையில் கிடந்தவை எல்லாம் வெற்று ஓடுகள். புள்ளி விழுந்த பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு இறால்கள் புது ஓடு போட்டிருந்தன. அதற்கு உடம்பில் தெம்பு வேண்டும். எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது, கத்தவும் செய்தேன்.

தேசிங்கு வலை வீசினார். ஓடு இறுகிய நீலக்கொடுக்கு இறால் ஒன்றை அண்ணனிடம் நீட்டினேன். வாங்கிய வேகத்தில் அது அவர் விரலைக் கவ்வியது.

"ஐயோ, உடு, உடு!"

"செத்தது கடிக்குமா அண்ணாத்தே?" என்றார் தேசிங்கு.

பிளாட் பேச்சு அன்றோடு நின்றது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, நோய் என்று யார் கூப்பிட்டாலும் மருந்துப் பையை வண்டியிலேயே விட்டுவிட்டு, டெஸ்ட் கிட்டோடு குளத்தில் இறங்குங்கள். தண்ணீரைச் சரிசெய்தால் இறால் தன் சண்டையைத் தானே போட்டுக்கொள்ளும். அந்தக் குளத்தை நானும் தேசிங்கும் அப்படித்தான் காப்பாற்றினோம். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது.