அப்பாவின் கதவுத் தட்டு

குகட்பள்ளி வீட்டில் காலிங் பெல் கெட்டுப்போனதால் கூரியர்காரர் கதவைத் தட்டினார். ஒற்றைக் கைத் தட்டு. இந்த வயதிலும் என் கண் கட்டிலுக்கடிக்குப் போனது.

அப்பா குஷாய்குடா தொழிற்சாலையில் ஃபிட்டர். சனிக்கிழமைகளில் பேகம்பேட் ஹோட்டலில் ஜாஸ் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடுவார். வீட்டுக் கதவையும் இரு கைகளாலும் 'டிங், டிகடிங்' என்றுதான் தட்டுவார்.

நான் சிறுமியாக இருந்தபோது, ஊரில் கலவரம் நடந்த வாரம். "அப்பா தட்டு கேட்டாத்தான் திறக்கணும். வேற யாரு கூப்பிட்டாலும் நக்கோ, திறக்கவே கூடாது," என்று சொல்லிவிட்டு அம்மா ரேஷன் கடைக்குப் போனாள்.

சாயங்காலம் ஒற்றைக் கைத் தட்டு கேட்டது. தாளம் நொண்டியது. கட்டிலுக்கடியில் புகுந்து, அழுகை வெளியே கேட்காமல் பாவாடையை வாயில் அடைத்துக்கொண்டேன். "அப்பாதாம்மா" என்றது ஒரு குரல். யாரும் அப்படிச் சொல்லலாமே! நான் அசையவில்லை. வெகுநேரம் கழித்து அந்தக் குரல், விடுபட்ட அடிகளை வாயால் பாடியது.

திறந்தேன். அப்பாவின் வலது கையில் ஆஸ்பத்திரிக் கட்டு. ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. "மெஷின்ல ரெண்டு விரல் போயிடுச்சும்மா."

அதற்குப் பின் அவர் பாட மட்டும்தான் செய்தார். ஹோட்டலில் எல்லோரும் கைதட்டுவார்கள். எனக்கு மட்டும் அது கதவுக்கு வெளியே நிற்பவரின் குரலாகவே கேட்கும்.

கூரியர்காரர் இரண்டாம் முறை தட்டுவதற்குள் ஓடிப்போய்த் திறந்தேன்.