எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும்

பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வரிசையாக வரத் தொடங்கியிருந்த வருஷங்களில் எங்களிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டு கதவு, இரண்டே இருக்கை, தரையோடு ஒட்டிக் கிடக்கும் ஜப்பான் வண்டி. மலேசியாவில் வேலை பார்த்துத் திரும்பியவர் ஒருவர் கூடவே கொண்டுவந்தது. அவர் மகள் வீட்டோடு போய்விடத் தீர்மானித்தபோது நான் வாங்கிக்கொண்டேன். நாங்கள் இருந்த அணுபுரம் குடியிருப்பில் யாராவது வண்டியைப் பற்றிக் கேட்க வந்தால் என் கணவரிடம்தான் கேட்பார்கள். அவருக்குக் கார் ஓட்டவே வராது. சிரித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார்.

வாங்கிய இரண்டாம் வருஷமே ஷாக் அப்சார்பர் நான்கிலும் எண்ணெய் கசிந்துவிட்டது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த ஊர் வரைக்கும் வண்டி ஆடிக்கொண்டே போகும். அதே ஷாக் இங்கே எங்கேயும் கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் இருந்த என் தம்பி, லீவில் வரும்போது நான்கு புது ஷாக்குகளைப் பெட்டிக்குள் துணிக்கு நடுவில் வைத்து இழுத்துக்கொண்டு வந்தான். சாதாரண ஷாக் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திருப்பினால் வண்டி இறுக்கமாகவோ மெத்தென்றோ ஓடும், நம் இஷ்டம். கூட வந்த தாள் முழுக்க ஜப்பானிய எழுத்து.

"வலப்பக்கம் திருப்பினா டைட்டு, இடப்பக்கம்னா லூசு. அவ்வளவுதான்க்கா" என்றான் தம்பி. எனக்கும் அவ்வளவுதான் என்றுதான் தோன்றியது.

செங்கல்பட்டில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டறை. அதன் சொந்தக்காரர் என் வயதுக்காரர், எங்கள் வண்டியை ஆரம்பத்திலிருந்தே பார்ப்பவர். அவர் ஷாக்குகளைப் புரட்டிப் பார்த்தார்.

"இன்னா மேடம் இது, ரேடியோ கணக்கா திருகு வச்சிகினு கீது?"

அவரும் இந்த மாதிரி ஒன்றை மாட்டியதில்லை. இருந்தாலும் ஒரே பகலில் மாட்டிவிட்டார். முன்பக்க ஷாக்கின் திருகு மேலே, பானட்டைத் திறந்தால் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. பின்பக்கத்தில் அது ஷாக்கின் அடியில் இருந்தது. வண்டிக்குக் கீழே படுத்து மேலே பார்த்தால்தான் தெரியும். படுக்க முடியாவிட்டால் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுத் தடவிப் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் நடுவாக வைத்துக் கொடுத்தார். திருக்கழுக்குன்றம் வழியாக வீடு வரைக்கும் வண்டி வழுக்கிக்கொண்டு வந்தது.

அதோடு நான் விட்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் இறுக்கினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. மறு ஞாயிற்றுக்கிழமை முன்னால் இரண்டையும் குனிந்து வலப்பக்கம் திருப்பினேன், பின்னால் இரண்டையும் சக்கரத்துக்குப் பின்னால் கைவிட்டு வலப்பக்கம் திருப்பினேன். மாமல்லபுரம் கிளம்பினோம். முன்பக்கம் கல்லில் இடித்த மாதிரி குதித்தது, பின்பக்கமோ தொளதொளவென்று ஆடியது.

"இறுக்கினா ஆடக் கூடாதே?" என்றார் கணவர்.

"கூடாதுதான்" என்றேன்.

வீட்டுக்கு வந்து நான்கையும் இடப்பக்கம் தளர்த்தினேன். அடுத்த வாரம் நெம்மேலி வரை போனோம். இப்போது பிரேக் போட்டால் வண்டியின் மூக்கு தரையை நோக்கிக் குத்தியது, ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பின்பக்கம் எங்களைத் தூக்கி எறிந்தது. தளர்த்தினால் தூக்கி எறிகிறது, இறுக்கினால் ஆடுகிறது. ஆபீஸில் மோட்டார்களும் பம்புகளும் எவ்வளவு அதிர்கின்றன என்று அளப்பதுதான் என் உத்தியோகம். இந்த வண்டியின் அதிர்வு எனக்குப் பிடிபடவே இல்லை.

பட்டறைக்காரரிடம் போனேன். அவர் முன்னால் பானட்டைத் திறந்தும் பின்னால் கீழே படுத்தும் நான்கையும் மறுபடி நடுவாக வைத்தார், ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்.

"சோக்கா கீது மேடம். இன்னா கம்ப்ளெயின்ட்டு?"

நானும் ஓட்டினேன். நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் திருப்பினேன், மறுபடி அதே கூத்து. இப்படியே சில மாதங்கள் போயின. ஒரு கட்டத்தில் வண்டியை விட்டுவிட்டு என்னையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். காதில் ஏதோ கோளாறு, அதனால்தான் ஆடாதது ஆடுவதாகத் தெரிகிறது என்று டாக்டரிடம் போனேன். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"பஸ்ல போறப்ப தலை சுத்துதா?"

"இல்ல டாக்டர்."

"அப்ப பஸ்லயே போங்க" என்றார்.

கடைசியாக ஒருநாள் கணவரையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனேன். என் கண்ணெதிரே எல்லாவற்றையும் செய்து காட்டச் சொல்வதாக ஏற்பாடு. பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். "இருங்க, நானே திருப்பறேன்" என்று சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டேன்.

"மேடம், லூஸ் பண்ணிகினு கீறீங்க" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இல்லீங்க, டைட்தான் பண்றேன். வலப்பக்கம்."

"இது லெஃப்டு மேடம்!"

"என் கை எனக்குத் தெரியாதா?"

அவர் வெளியே வந்து என் இடத்தில் உட்கார்ந்து கையை விட்டு, நான் திருப்பியபடியே திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. "ஆமா, ரைட்டுதான் போவுது. அப்ப கீழ நான் பார்த்தது இன்னா?" மறுபடி படுத்தார், நான் அதே பக்கம் திருப்பினேன். "லெஃப்டு!" என்று கத்தினார். எழுந்து வந்து தலையைச் சொறிந்தார். "பேஜாரா பூட்ச்சே மேடம்."

வெயிலில் தாகம். கணவர் நீட்டிய தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கப் போனவள் அப்படியே நின்றேன். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலேயிருந்து பார்த்தபடியே மூடியை வலப்பக்கம் திருகினேன். மூடி கழன்று என் காலெல்லாம் தண்ணீர். வலப்பக்கம் திருப்பினால் இறுக வேண்டிய மூடி!

திருகைப் பார்த்தபடி திருப்பினால்தான் தம்பி சொன்ன வலப்பக்கம். பின்னால் திருகு தரையைப் பார்த்து இருக்கிறது, நான் மேலேயிருந்து, அதன் முதுகுப் பக்கத்திலிருந்தல்லவா திருப்பியிருக்கிறேன். முன்னால் இறுக்கிய ஒவ்வொரு முறையும் பின்னால் தளர்த்தியிருக்கிறேன். மூன்று பேரும் மாற்றி மாற்றி பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தோம். கணவருக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்கே, பாட்டிலைக் கீழே வைத்ததும் மறுபடி குழம்பியது.

பட்டறைக்காரர் நான்கையும் ஒரே அளவாக இறுக்கினார். அங்கிருந்து நேராகக் கடற்கரைச் சாலைக்கு விட்டேன். வண்டி ஆடவில்லை, குதிக்கவும் இல்லை. ஆனால் இது நன்றாக இருக்கிறதா, எனக்குப் பிடிக்கிறதா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. இத்தனை மாதம் தப்பாக ஓட்டியவளுக்குச் சரியானது எது என்று எப்படித் தெரியும்? கணவரிடம் கேட்கலாம் என்று திரும்பினால் அவர் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் பட்டறைக்காரர் போன் செய்தார். "எப்டி மேடம் கீது வண்டி?"

"தெரியலீங்க. ஆனா இவரு வழியெல்லாம் தூங்கிட்டு வந்தாரு."

"தூங்கிட்டாரா? அப்ப அத்த தொடாதீங்க மேடம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.