ஆடி விருந்தும் ஆறு கிலோவும்

ஆடிக் காற்றோடு ஆட்டுக்கறி கொதிக்கும் வாசனை வந்தால் மற்றவர்களுக்கு நாக்கு ஊறும். எனக்கு அலுப்பு வரும். கூடவே ஒரு குரலும் வரும். மூன்று வருடங்களுக்கு முன், கீரமங்கலம் பக்கம் ஒரு மண்டபத்தில் கேட்ட குரல் அது.

பூ கமிஷன் கடை வைத்திருக்கிறேன். விடிந்ததும் மல்லிகை, முல்லை, சம்பங்கி என்று எடைபோடுவதுதான் வேலை. கிராம் தவறாமல் ஊர்ப் பூவையெல்லாம் நிறுப்பவன், என்னை நிறுத்துப் பார்த்ததில்லை. அந்த வருடம் சித்திரையில் தலைசுற்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனபோதுதான் நர்சம்மா எடைமேடையில் ஏறச் சொன்னார். எண்பத்தெட்டு. ரத்தத்தையும் பார்த்துவிட்டு, "இன்னும் சுகர் வரலைங்க. வாசல்ல வந்து நிக்குது. ஒரு ஆறு கிலோ கொறைச்சு, தெனமும் அரைமணி நேரம் நடந்தீங்கன்னா உள்ள வராமத் தடுக்கலாம்" என்றார்.

வைகாசி, ஆனி இரண்டு மாதமும் குளக்கரையைச் சுற்றினேன். சோறு பாதியானது. டீயில் சர்க்கரை போனது. செருப்பு தேய்ந்த அளவுக்கு உடம்பு தேயவில்லை. ஆனாலும் யாரும் பார்க்காத நேரத்தில் கடைத் தராசில் ஏறி நின்றபோது மூன்று கிலோ குறைந்திருந்தது. "பாதிக் கெணறு தாண்டியாச்சு. விட்றாதீங்க" என்றாள் மனைவி.

அப்புறம் ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் ஆடி என்றால் மொய் விருந்து. ஊரையே அழைத்துக் கறிசோறு போடுவார்கள். போனவர்கள் மொய் எழுதி, சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். இலையில் உட்காராமல் திரும்பினால் அழைத்தவருக்கு அவமரியாதை. வியாபாரிக்கோ எல்லா ஊரிலிருந்தும் பத்திரிகை வரும். சில நாள் மூன்று இலை. காலையில் பட்டினி கிடந்து சரிக்கட்டிவிடலாம் என்று நானாக நினைத்துக்கொண்டேன். காய்ந்த வயிறு மத்தியானம் இரண்டு மடங்கு கேட்டது. இறங்கிய மூன்று கிலோவும், தொலைந்த ஆடு மந்தைக்குத் திரும்புகிற மாதிரி, ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது.

கீரமங்கலம் பக்கத்து மண்டபத்தில் அன்றைக்கு அலுத்துப்போய், மொய் எழுதிய கையோடு நழுவப் பார்த்தேன். விருந்து வைத்தவர் எனக்கு மச்சான் முறை. மண்டப வாசலிலேயே கையைப் பிடித்துவிட்டார்.

"என்ன மாப்ள, கை நனைக்காமப் போறீக? எங்க ஆடு கசக்குதோ?"

"காலையில சாப்பிட்டதே செரிக்கல மச்சான்."

"பூவ மோந்தே பசியாறிட்டீகளாக்கும். வந்து ஒக்காருங்க!"

பந்தியே சிரித்தது. உட்கார்ந்தேன். நான் சாப்பிடுவதைப் பார்க்க எதிரிலேயே நின்றுகொண்டார் மச்சான்.

சோற்று வாளியோடு வந்தவரை நான் முன்பின் பார்த்ததில்லை. என்னைவிட நாலைந்து வயது இளையவர். ஒரு பாதத்தில் மட்டும் வார் வைத்த தடித்த செருப்பு; லேசாகச் சாய்ந்து நடந்தார். இலையைக் கையால் மறைத்துக்கொண்டு, "கொஞ்சமா வைங்க தம்பி, சுகர் வர்ற மாதிரி இருக்கு" என்றேன், பக்கத்து இலைக்குக்கூடக் கேட்காத குரலில். என்னவோ திருடியவன்போல இருந்தது.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கரண்டியை வாளிக்குள் விட்டுப் பெரிதாகச் சுழற்றினார். இலையில் விழுந்தது ஒரு பிடிச் சோறுதான். அதைப் பரத்திவிட்டு மண்டபமே கேட்கக் கத்தினார்: "அண்ணனுக்கு அள்ளி வச்சாச்சு! அடுத்த எலைக்குக் கொழம்பு வரட்டும்!"

மச்சான் நிம்மதியாக அங்கிட்டு நகர்ந்தார்.

கை கழுவும் இடத்துக்குச் சோறு வைத்தவரே வந்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் அந்தச் செருப்புக் காலை முன்னே வைத்தார். பெருவிரலும் அடுத்த விரலும் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"எனக்கும் இப்படித்தான் மொதல்லயே சொன்னாகண்ணே. விருந்தெல்லாம் முடியட்டும், ஆவணியில கொறைச்சுக்கலாம்னு இருந்தேன். ஏழெட்டு ஆவணி போச்சு. வெரலும் போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் இருந்த அலுப்பு எனக்குத் தெரிந்த அலுப்புதான்.

இன்றுவரை ஆறு கிலோவை முழுதாக இறக்கியபாடில்லை. ஐந்து இறங்கும், ஒன்று ஏறும். குளக்கரையில் பாதிச் சுற்றிலேயே கால் கெஞ்சும். ஆனால் சர்க்கரை இன்னும் வாசலைத் தாண்டவில்லை. அதை அங்கேயே நிறுத்திவைப்பது, தினமும் பூ நிறுப்பதைப் போல, நாளைக்கும் மிச்சமிருக்கிற வேலை. விருந்துகளுக்குப் போகிறேன், ஒரு பிடிச் சோறு போதும் என்று இப்போது வாய்விட்டே சொல்கிறேன். எழுந்து நடக்க மனமில்லாத காலைகளில், அன்று நான் வண்டியைக் கிளப்பும்போது வாளியைக்கூடக் கீழே வைக்காமல் அவர் சொன்னதுதான் என்னை எழுப்புகிறது:

"அடுத்த ஆடிக்கும் இதே ரெண்டு கால்ல நடந்து வாங்கண்ணே. சோறு நான் வைக்கிறேன்."