நான் படித்துக் காட்டிய பக்கம்

சுதந்திரம் வந்த மறு வருஷம், மயிலாப்பூரில் எங்கள் பள்ளியின் ஆசிரியர் கூட்டத்தில் கணக்கு வாத்தியார் எழுந்து, நிர்வாகி பள்ளிப் பியூன்களைத் தம் வீட்டுத் தோட்ட வேலைக்கு அனுப்புகிறார் என்றார். "இனிமே வாயைத் திறந்தா யார் ஜெயில்ல போடப்போறா, ஓய்?" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். நான் தினமும் டைரி எழுதுவது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும்; அன்றிரவு இதையும் எழுதி வைத்தேன்.

மறுநாள் நிர்வாகி என்னை டைரியோடு வரச் சொன்னார். வாத்தியார் அவரைத் திருடன் என்றதாக யாரோ திரித்துச் சொல்லியிருந்தார்கள். சொன்னதைச் சொன்னபடி காட்டினால் நண்பர் பிழைப்பார் என்று நம்பிப் படித்தேன்.

"ஆக, பேசினது நிஜம். பேஷாப் பேசட்டும், தடுக்க நான் யார்? இங்கே வேலை கிடையாது, அவ்வளவுதான்" என்றார் நிர்வாகி.

வாத்தியாருக்கு மூன்று பெண்கள். குளக்கரையில் என்னைப் பார்த்து நின்றார்.

"எழுதினது சரி. படிப்பானேன், ஓய்?"

காரணத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என் எதிரில் எதுவும் பேசியதில்லை.