எண்ணூர்க் கம்பில் மாட்டிய வெள்ளைச் சட்டை

போன மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெயிண்ட்பால் ஆடுவதைப் பார்த்தேன். துப்பாக்கியிலிருந்து சாயக்குண்டு பறக்கிறது, பட்டவன் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். இதில் பல வகை ஆட்டம் உண்டு என்று டிக்கெட் கொடுத்தவர் விளக்கினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. துப்பாக்கி இல்லாமலே மூன்று வகையை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்தவன் நான். 1972-இல், ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை. எழுதக் கற்று ஒரு வருடம்தான் ஆகிறது, ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது போகிறது. போகட்டும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் மூட்டை தூக்கினேன், வீடு வியாசர்பாடி. எங்கள் ஆட்டத்துக்குச் சாயப்பந்து என்று பெயர். பழந்துணியை இறுகச் சுருட்டிக் கட்டி, செங்கல்பொடித் தண்ணீரில் நனைத்து எறிவோம். பட்டதா இல்லையா என்பதைச் சட்டையே சொல்லிவிடும். மற்ற இடங்களில் வேறு மாதிரி ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இருப்பு கொள்ளவில்லை. என் சட்டை இரண்டும் கறை. கூட்டாளி எத்திராஜ் அந்த ஞாயிறு விடிகாலையில் தன் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தான்.

“நாளைக்கு ஒம்போது மணிக்கு எனுக்கு இன்டர்வூ கீது. இத்த வுட்டா வேற சட்டை இல்ல. ஒரு சொட்டு கறை பட்டுச்சு, மவனே, வூட்டு பக்கமே வராத” என்றான்.

காலை ஆறரைக்குக் கிளம்பி ராயபுரம் வரை நடந்தேன். நான்கு கிலோமீட்டர், ஒரு மணி நேரம். கடற்கரையில் மீன்வலைக்குச் சாயம் காய்ச்சும் அண்டாவிலேயே பந்தை முக்கினார்கள். படகுகளின் மறைவில் இரண்டு கட்சி. பட்டவன் வெளியே, ஒரு கட்சி காலியாகும்வரை ஆட்டம். வலைக்காரர் சூசை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா நைனா, பொண்ணு பாக்க போய்கினு கீறியா? தள்ளி நில்லு. இந்தச் சாயம் வலையிலயே போவாது, உன் சட்டையிலயா போவும்?”

தள்ளியே நின்றேன். பிறகு திருவொற்றியூருக்கு பஸ், ஆறு கிலோமீட்டர், இருபது பைசா. ரயில் பாதை ஓரத்து மைதானத்தில் கட்சியே கிடையாது. அடிபட்டவன் அடித்தவனோடு சேர்ந்துவிடுவான். முக்கால் மணி நேரத்தில் இருபது பேர் ஒரே கூட்டமாகி, மிச்சமிருந்த ஒருவனைத் துரத்தினார்கள். பார்த்துச் சிரித்தே எனக்கு வயிறு வலித்தது.

எண்ணூருக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர், இருபத்தைந்து பைசா. பன்னிரண்டு மணிக்கு இறங்கினேன். அங்கே பவர் ஹவுஸ் சாம்பலைக் குழைத்து வைத்திருந்தார்கள். ஒரு கட்சியில் ஓர் ஆள் குறைவு. அதன் தலைவன் மாசி கூப்பிட்டதும் மனம் கேட்கவில்லை. சட்டையைக் கழற்றி, நடுவில் சும்மா நின்ற சவுக்குக் கம்பில் பத்திரமாக மாட்டிவிட்டு ஓடினேன்.

எண்ணூர் வகை இதுதான்: கம்பில் ஒரு துணி தொங்கும். ஒரு கட்சி காக்கும், மற்றது பறிக்கும்.

இது தெரிவதற்குள் நெஞ்சில் அடி வாங்கி வெளியே உட்கார்ந்திருந்தேன். “யோவ், அது என் சட்டை இல்லய்யா! நாளைக்கு ஒருத்தன் இன்டர்வூக்குப் போட்டுக்கினு போணும்!” என்று கத்தினேன்.

“மாட்னது நீதானே மாமு? பாதி ஆட்டத்துல துணி மாத்தக் கூடாது” என்று சிரித்தான் மாசி.

பந்துகள் சட்டைக்கு ஒரு சாண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பறந்தன. எதிர்க் கட்சியின் தேசப்பன் எல்லாரையும் ஏமாற்றிக் கம்படிக்கு வந்துவிட்டான். நான்கு வாரமாகத் தோற்ற கட்சி அது. கையை நீட்டியவன் அப்படியே நின்றான். முழங்கை வரை சாம்பல்.

“தண்ணி! எவனாவது தண்ணி ஊத்துங்கடா!”

வேடிக்கை பார்த்த ஓர் அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவன் குனிந்து கை கழுவும்போது முதுகில் விழுந்தது பந்து. எறிந்தவன் மாசி.

“கை களுவிக்கினு கீறவன அடிக்கிறியே, நீ மனுசனா?” என்று குடத்தோடு நின்ற அம்மா மாசியிடம் பாய்ந்தார்.

“களுவச் சொல்லி ரூல்ஸ்ல கீதா?”

தேசப்பன் நிமிர்ந்தான். கையைத் துடைத்து, காலரை இரண்டு விரலால் பிடித்துச் சட்டையை என்னிடம் தந்தான். “போயி அவன்கிட்ட குடு. ஆட்டம் போனா போவுது.” ஐந்தாவது வாரமும் தோற்றான்.

எத்திராஜுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. சட்டையைக் குறை சொல்லவும் வழியில்லாமல் தவித்தான். பெயிண்ட்பால் ஆடப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: பழைய உடுப்பு போதும், கண்ணுக்குக் கவசம் கட்டாயம், எந்த வகை என்று கேட்காமல் இறங்காதீர்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது எண்ணூர் வகை. அதைத்தான் வியாசர்பாடிக்குக் கொண்டுவந்தோம், ஒரு விதியைக் கூடுதலாகச் சேர்த்து: துணியைத் தொடுமுன் கை கழுவ வேண்டும், கழுவுகிறவனை யாரும் அடிக்கக் கூடாது.