மூணு மிதி

அந்த மெக்கானிக்கின் நிஜப் பெயரைக் கேட்டால் தெருவே முழிக்கும். ‘மூணு மிதி’ என்று கேட்டால் நாலு பேர் வழி காட்டுவார்கள். எந்த வண்டியானாலும் சாவியைத் திருகியதும் ஆக்சிலேட்டரை மூன்று தரம் மிதிப்பார், அப்புறம்தான் ஸ்டார்ட் பண்ணுவார். கார்புரேட்டர் வண்டிக்கு அது மருந்து மாதிரி. மிதிக்க மிதிக்கக் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே பீய்ச்சும், குளிரில் சுருண்டு கிடக்கும் எஞ்சின்கூட எழுந்து உட்காரும். முப்பது வருஷப் பழக்கம். தூக்கத்திலும் வலது கால் மூன்று தரம் உதைக்கும் என்று அவர் மனைவி சொல்வார். போர்வை கிழிந்ததும் அதனால்தானாம்.

அப்பேர்ப்பட்டவரை ஒரு வண்டி மண்ணைக் கவ்வ வைத்தது. அதுவும் அவர் அப்பாவின் வண்டி.

கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று கணக்குப் போட மின்சாரப் பெட்டி வைத்து முதன்முதலில் வந்த கார்களில் அது ஒன்று. இன்றைக்கு நகத்தளவு சில்லு செய்கிற வேலைக்கு அன்றைக்கு டிபன் பாக்ஸ் அளவு தகரப் பெட்டி. உள்ளே டிரான்சிஸ்டர் கூட்டம், வெளியே சிக்கெடுக்காத தலைமுடி போல வயர்கள்.

அப்பா போனபின் வண்டி ஷெட்டில் கிடந்தது. மெக்கானிக்கின் தங்கை பஸ் டிரைவர். வேறு ஊருக்கு மாற்றல் வந்ததும், “அண்ணே, போனா அப்பா வண்டியிலதான் போவேன்” என்று சொல்லிவிட்டாள்.

அண்ணன் டேங்கைக் கழுவினார், பம்பை மாற்றினார், வயர் வயராகத் துடைத்தார். தினமும் காலையில் சாவி, மூணு மிதி, ஸ்டார்ட். எஞ்சின் ரெண்டு இருமல் இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். பெட்ரோல் நாற்றம் குப்பென்று வரும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் குளித்துவிட்டு வந்த மாதிரி சொட்டும்.

“பொட்டிக்குப் புத்தி கெட்டுப்போச்சும்மா. கண்டபடி ஊத்துது. அறுத்துப் போட்டுட்டு கார்புரேட்டர் வச்சுடறேன்.”

“அப்புறம் அது அப்பா வண்டியா?”

“ஓடுற வண்டி வேணுமா, ஷெட்டுல நிக்கிற அப்பா வண்டி வேணுமா?”

“நாளைக்கு ஒரு தடவை பாரு. ஆகலைன்னா அறுத்துடு.” சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். சளி என்றாள். அதற்கு முன்னும் பின்னும் அவளுக்குச் சளி பிடித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை.

மறுநாள் காய்ந்த பிளக்குகளை மாட்டிவிட்டு, தயாராக இருக்கட்டுமே என்று பரணிலிருந்து கார்புரேட்டரை இறக்கினார். அது கை நழுவி நேராக வலது கால் கட்டைவிரலில் விழுந்தது. ஒற்றைக் காலில் ஷெட்டையே ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“ஆட்டம் பிரமாதம்ணே!”

“சிரிக்காதடி! நீயே உக்காந்து ஸ்டார்ட் பண்ணு.”

ஷெட்டில் அவர் இருக்கும்போது வேறு யாரும் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்ததே கிடையாது. தங்கை உட்கார்ந்தாள். டீசல் பஸ் ஓட்டுகிறவள். சாவியைத் திருகினாள், அவ்வளவுதான். எஞ்சின் ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது.

அண்ணனுக்கு வாய் மூடவில்லை. “என்னடி பண்ணே?”

“ஒண்ணுமே பண்ணலியே.”

“எத்தனை மிதி?”

“எதுக்கு மிதிக்கணும்?”

எஞ்சினை அணைக்கச் சொன்னார். சாவியை மட்டும் போட்டு, பெடலை ஒரு தரம் அழுத்தச் சொல்லிவிட்டு பானட்டுக்குள் தலையை விட்டார். டிக், டிக், டிக். மிதியை உணர்ந்ததும் பெட்டி பெட்ரோலைப் பீய்ச்சுகிற சத்தம். அவர் மிதித்த ஒவ்வொரு மிதிக்கும் அது பதில் மரியாதை செய்திருக்கிறது. எஞ்சினை மூழ்கடித்தது அவருடைய கால்தான்.

“பொட்டிக்கு இல்லடி, எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு.”

தங்கை திடீரென்று ஸ்டியரிங்கைத் தட்டினாள். “அண்ணே, அப்பா ஸ்டார்ட் பண்றப்போ வலது காலைத் தூக்கி சீட்டு மேல மடக்கி வச்சுக்குவாரே!”

“அட ஆமா! கால் அரிப்புன்னுல்ல நெனச்சோம்!”

“நீ களிம்புகூட வாங்கிக் குடுத்தே.”

“அதையும் வாங்கித் தடவிக்கிட்டாரே, பாவி மனுஷன்!”

இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வாரக் கடைசியில் தங்கை காலை மடக்கி உட்கார்ந்து, சாவியைத் திருகி, ஹாரனை மூன்று தரம் அடித்துவிட்டுக் கிளம்பினாள். வீங்கிய விரலோடு நொண்டி நொண்டித் தெருமுனை வரை பின்னாலேயே போனார் மூணு மிதி. திரும்பி வரும்போது அவருக்கும் கொஞ்சம் சளி.